அக்காட்டைக் கேளுங்கோ: பேட்டி எடுக்கிற வேலை

போன இதழில நான் இவ்வளவு காலமும் கலைஞர்கள், சமூகச் செயற்பாட்டாளர்கள், சிந்தனையாளர்கள் எண்டு தேடித் தேடிப் பேட்டி எடுத்து வந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தன். அதுக்குப் பிறகு வந்த கேள்வியள் முக்கால்வாசியும் அதைச் சுத்தியே இருந்தபடியால் இந்த முறை வேற விசயம் ஒண்டும் எடுக்கேல்ல. நீளமான கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறன், குறை நினைக்காதேங்கோ.

கேள்வி (வாசகர், வெள்ளவத்தை): அக்கா, மற்ற ஆக்கள் சொல்லுறதைக் கேட்டு எழுதிறது எப்பிடி எழுத்தாகும்? கதை எழுதிறவர் எழுத்தாளர், கவிதை எழுதிறவர் எழுத்தாளர், பேட்டியில எடுக்கிறவரின்ர பங்கு என்ன?

பதில்: ஐயா, சிக்காகோவில ஸ்டட்ஸ் டெர்கல் எண்டு ஒருத்தர் இருந்தவர், 45 வருசம் ஒரே வானொலியில ஆக்களோட கதைச்சவர், பாடகர், நடிகர், எழுத்தாளர் எண்டு தொடங்கி பிறகு ஹோட்டல்ல பரிமாறுறவை, இரும்பு உருக்கிற ஆலையில வேலை செய்யிறவை, கிடங்கு வெட்டுறவை எண்டு எல்லாரையும் கதைக்க வைச்சு அதைப் புத்தகமாவும் போட்டவர், 1985 இல அவருக்கு புலிட்சர் பரிசும் கிடைச்சது. ஸ்வெத்லானா அலெக்சியேவிச்சை எடுங்கோ. செர்னோபில் விபத்தில அடிபட்ட சனம், இரண்டாம் உலகப்போரில சண்டை பிடிச்ச சோவியத் பொம்பிளையள், இவையள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவ தன்ர புத்தகங்களைக் கட்டினவ, 2015 இல இலக்கியத்துக்கான நோபல் பரிசையே அதுக்குக் குடுத்தவை. அப்ப அது எழுத்தா இல்லையா எண்ட கேள்வி முடிஞ்சுபோச்சு எண்டுதான் நான் நினைக்கிறன்.

எடுக்கிறவரின்ர பங்கு என்ன எண்டு கேக்கிறியள். எதைக் கேக்கிறது, எதைக் கேக்காமல் விடுறது, ஆள் ஒரு வசனத்தைப் பாதியில நிப்பாட்டினா அடுத்த கேள்விக்குப் பாயாமல் பொறுத்திருக்கிறது, ரெண்டு மணித்தியாலம் கதைச்சதில எந்த இருபது நிமிசம் அந்த மனுசரைக் காட்டும் எண்டு கண்டுபிடிக்கிறது, இதெல்லாம் எழுதிற வேலைதான். டெர்கல் ஒரு கதை சொல்லியிருக்கிறார், ஏழைச் சனம் இருக்கிற தொடர்மாடியில ஒரு தாயைப் பேட்டி எடுத்தாராம், பிள்ளையள் சுத்தி நிண்டு அம்மாவின்ர குரலைக் கேக்கோணும் எண்டு அடம்பிடிக்க டேப்பைத் திருப்பிப் போட்டுக் காட்டினவராம், அந்தப் பொம்பிளை வாயைப் பொத்திக்கொண்டு தனக்குள்ள இப்பிடி ஒரு எண்ணம் இருந்தது தனக்கே தெரியாது எண்டு சொன்னவவாம். நல்ல கேள்வி ஒண்டு கேட்டா அந்த அளவுக்குப் போகும்.

எங்கட பக்கத்தையும் சொல்லவேணும். டொமினிக் ஜீவா 1966 இல யாழ்ப்பாணத்தில தன்ர சலூனிலயிருந்து துவங்கின மல்லிகை சஞ்சிகை, பிறகு கொழும்புக்கு வந்து 2012 வரைக்கும் ஓடினது, அந்த அட்டைகளை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. சினிமா நடிகையின்ர படம் போட்டாத்தான் பத்திரிகை விக்கும் எண்டிருந்த காலத்தில எங்கட எழுத்தாளர், கலைஞர்மாரின்ர முகத்தை அட்டையில போட்டு உள்ளுக்கு அவையளைப் பற்றி எழுதினது சின்ன விசயமில்லை. தமிழ்நாட்டில கோமல் சுவாமிநாதன் ஆசிரியரா இருந்த காலத்துச் சுபமங்களா சஞ்சிகையையும் சொல்லோணும், நீளப் பேட்டி எண்டா என்ன எண்டு எங்கட தலைமுறையில கனபேர் அதைப் பார்த்துத்தான் படிச்சது.

கேள்வி (மாணவர், கொழும்புப் பல்கலைக்கழகம்): இதை முழுநேர வேலையாச் செய்து சீவிக்கலாமா?

பதில்: தமிழில, இலங்கையில, இல்லை தம்பி. வேற சம்பளம் ஒண்டை வைச்சுக்கொண்டு செய்யுங்கோ, ஆனா பொழுதுபோக்கு மாதிரிச் செய்யாதேங்கோ.

கேள்வி (வாசகி, தெஹிவளை): கலைஞர்களிட்டப் போகேக்க என்ன கேக்கிறது எண்டே தெரியுதில்லை அக்கா. "எப்ப இருந்து இந்தத் துறையில ஆர்வம் வந்தது" எண்டு கேட்டா எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லுகினம்.

பதில்: அந்தக் கேள்வியை விட்டிடுங்கோ தங்கச்சி. ஆயிரம் தரம் கேட்ட கேள்வி, அவையளுக்கும் மனப்பாடமான பதில் ஒண்டு இருக்கு. கலைஞரிட்டக் கேக்கிறதெண்டா அவையின்ர கையில இருந்து துவங்குங்கோ, அதுதான் நான் கண்ட வழி.

மிருதங்க வித்துவான் ஒருவரிட்டப் போறியள் எண்டு வையுங்கோ. அவருக்கு எத்தினை பட்டம் கிடைச்சது, எந்த மேடையில வாசிச்சவர் எண்டதெல்லாம் பழைய பேப்பரில இருக்கு, வீட்டிலேயே வாசிச்சுப்போட்டுப் போங்கோ. போய் இருந்து அந்தத் தொப்பிப் பக்கத்தைப் பற்றிக் கேளுங்கோ, கச்சேரிக்கு முதல் ரவையைத் தண்ணி விட்டுக் குழைச்சு அந்த இடப்பக்கத் தோலில ஒட்டுறவை எல்லே, எவ்வளவு ஒட்டுறது, எப்ப காணும் எண்டு எப்பிடித் தெரியும், கொழும்பில கடல்காத்தும் ஈரமும் தோலை இளக்கிப் போட்டா மேடையில என்ன செய்யிறது, கல்லையும் கட்டையையும் எடுத்து வார் பக்கம் தட்டிச் சுருதி சேர்க்கேக்க காது எதைத் தேடுது. இதைக் கேட்டா மனுசர் மிருதங்கத்தைத் தூக்கி மடியில வைச்சிடுவார், அதுக்குப் பிறகு நீங்கள் கனக்கக் கேக்கத் தேவையில்லை. குருவின்ர வீட்டில தோல் மாத்தின கதை வரும், பலாமரக் கட்டை எங்க வாங்கினது எண்டு வரும், 83 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில எந்த மிருதங்கம் எரிஞ்சது எண்டும் வரலாம். நான் ஆடிக் கலவரத்தைப் பற்றிக் கேட்டு எடுத்த பதிலை விட வாத்தியத்தைப் பற்றிக் கேட்டு வந்த பதில்தான் எப்பவும் ஆழமா இருந்திருக்கு.

மட்டக்களப்புப் பக்கம் கூத்துப் பழக்கிற அண்ணாவிமாரிட்டப் போறதெண்டாலும் இதுதான். "கூத்து அழிஞ்சு வருதா" எண்டு கேட்டா "ஓம் அழிஞ்சு வருது" எண்டு கவலையாச் சொல்லுவினம், வேற என்ன சொல்லுறது. சட்டம் குடுக்கிறதில இருந்து சதங்கை அணியிறது, அடுக்குப் பார்க்கிறது, அரங்கேற்றம் எண்டு ஒரு கூத்துக்கு எத்தினை கட்டம் இருக்கு, அடுக்குப் பார்க்கிற அண்டைக்கு ஒருத்தன் தாளம் பிழைச்சா என்ன செய்வியள் எண்டு கேளுங்கோ, அவர் எழும்பி ஆடிக் காட்டுவார். ரெக்கோர்டரை முதலே போட்டு வையுங்கோ.

கேள்வி (இதழியல் படிக்கிற மாணவி, கொழும்பு): காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமார் ஒருசிலரைப் பேட்டி எடுக்கப் போறன். எனக்குப் பயமா இருக்கு. அவையின்ர காயத்தை நான் திருப்பிக் கிளறுறனா?

பதில்: நான் கூடுதலா யோசிச்சது இந்தக் கேள்வியைத்தான் தங்கச்சி, அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

கிளிநொச்சியில கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி அந்த அம்மாமார் போராட்டத்தில இருக்கத் துவங்கினவை. அதுக்கு முதலும் அவையள் சொல்லாமல் இருக்கேல்ல. 2010 இல கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது, அங்க போய்ச் சொன்னவை. 2013 இல காணாமல் போனவையைப் பற்றி விசாரிக்கப் பரணகம ஆணைக்குழு, அங்கயும் சொன்னவை. பிறகு காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் எண்டு ஒண்டு, 2016 இல சட்டம் வந்து 2018 இலதான் இயங்கத் துவங்கினது. இடையில ஐ.நா. ஆக்கள், என்.ஜி.ஓ. ஆக்கள், வெளிநாட்டு டிவி. எல்லாரும் கேட்டது ஒண்டையேதான், எப்ப, எங்க, ஆர் பிடிச்சது, ஆர் கண்டது, கடைசியா என்ன உடுப்பு. அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லியே அவையள் களைச்சுப்போச்சினம், சொல்லியும் பதில் வரேல்ல எண்டதுதான் அதைவிடப் பெரிய களைப்பு. சில அம்மாமார் பதில் தெரியாமலே செத்தும் போச்சினம்.

அதால நீங்கள் போய் "அண்டைக்கு என்ன நடந்தது" எண்டு துவங்காதேங்கோ. அது ஏற்கெனவே பதிவில இருக்கு, தேடி வாசிச்சுப்போட்டுப் போங்கோ, நீங்கள் வாசிச்சிருக்கிறியள் எண்டதையும் அந்த அம்மாவிட்டச் சொல்லுங்கோ, அந்த ஒரு வசனத்துக்கே அவவின்ர முகம் மாறும். பிறகு அவ செய்யிற வேலையைப் பற்றிக் கேளுங்கோ. போராட்டக் கொட்டிலில இருக்கிறதுக்கு முறை எப்பிடிப் பிரிச்சவை, பஸ் காசு எங்கால, ஒரு அமைச்சர் சந்திக்கக் கூப்பிட்டா போறதா விடுறதா எண்டு ஆர் முடிவெடுக்கிறது, அதில சண்டை வந்ததா, நட்டஈடு வேணும் எண்டு சொல்லுறவையோடயும் வேண்டாம் எண்டு சொல்லுறவையோடயும் எப்பிடி ஒண்டா இருக்கிறது. அவ ஒரு அரசியல் ஆள் தங்கச்சி. நாட்டிலயே நீண்ட தொடர் போராட்டங்களில ஒண்டைக் கொண்டுபோற ஆள். எங்கட பேப்பர்கள் அவவை எப்பவும் ஃபோட்டோவைக் கட்டிப்பிடிச்சு அழுகிற அம்மாவா மட்டும்தான் காட்டுது, எனக்கு அதில கோவம் இருக்கு, மறைக்கேல்ல. ஒரு ஆம்பிளை தொழிற்சங்கத் தலைவரிட்ட "உங்கட உத்தி என்ன" எண்டு கேக்கிறவை இவவிட்ட மட்டும் ஏன் "எப்பிடி இருக்கு மனசு" எண்டு கேக்கவேணும்?

அழத் துவங்கினா ரெக்கோர்டரை நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டிட்டன் எண்டு காட்டுங்கோ. அவவே திருப்பிப் போடச் சொன்னாத்தான் போடவேணும். அழுகிற படம் எடுக்காதேங்கோ, அவ ஓம் எண்டாலும் நான் எடுக்கமாட்டன்.

இனிப் பாதுகாப்பு. 1979 ஆம் ஆண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்ர நிழலிலதான் இந்தச் சனம் இவ்வளவு காலமும் வாய் திறந்தது. கொழும்பிலயிருந்து போய் ஒரு நாள் நிண்டிட்டு வாறது எங்களுக்குச் சுகம், நாங்கள் வெளிக்கிட்ட பிறகு "ஆர் வந்தது, என்ன கேட்டவை" எண்டு விசாரிக்க ஆக்கள் போறது அவவின்ர வீட்டுக்குத்தான். அதால பேர் போடலாமா, ஊர் போடலாமா, முகம் காட்டலாமா எண்டு மூண்டையும் தனித்தனியாக் கேளுங்கோ, பேட்டிக்கு முதலும் கேளுங்கோ, முடிஞ்ச பிறகும் கேளுங்கோ, ஏனெண்டா கதைச்சு முடிஞ்ச பிறகுதான் தான் என்ன சொல்லிப்போட்டன் எண்டு ஆளுக்கே தெரியும். அவ சொன்ன வேற ஆக்களின்ர பேரையும் யோசியுங்கோ, அவையளிட்ட நீங்கள் அனுமதி கேக்கேல்ல எல்லே. பதிவை ஃபோனில வைச்சுக்கொண்டு திரியாதேங்கோ. எழுதி வந்தாப் பிறகு இதழை நேரில கொண்டுபோய்க் குடுங்கோ, கனபேர் அதைச் செய்யிறேல்ல, பேட்டி குடுத்த சனத்துக்கு அது எங்க வந்தது எண்டே தெரியாது.

பேட்டி எடுத்ததுக்கும் எழுதினதுக்குமாகவே உயிர் போன ஊர் இது. பத்திரிகையாளர்மாரை எடுங்கோ, 2000 இல யாழ்ப்பாணத்தில நிமலராஜன், 2004 இல மட்டக்களப்பில நடேசன், 2005 இல இதே கொழும்பில கடத்தப்பட்ட சிவராம், 2009 இல லசந்த விக்கிரமதுங்க. உங்களைப் பயப்படுத்தச் சொல்லேல்ல. உங்களுக்கு வாற அந்தப் பயம் சரியான பயம், அதை வைச்சிருங்கோ, அது உங்களைக் கவனமா வைச்சிருக்கும்.

கேள்வி (வாசகர், கொட்டாஞ்சேனை): பிரசுரிக்க முதல் பேட்டி குடுத்தவருக்குக் காட்டவேணுமா? அவர் சொன்னதை நாங்கள் திருத்தி எழுதலாமா?

பதில்: காட்டிறது ஆளைப் பொறுத்தது. மேல சொன்ன அம்மாமாருக்குக் கட்டாயம் வாசிச்சுக் காட்டவேணும். அமைச்சருக்குக் காட்டத் தேவையில்லை, சொன்னதைச் சொன்னவர். கலைஞர்களுக்கு நான் பேர், வருசம், ராகம், தாளம் எல்லாம் சரியா எண்டு ஃபோன்ல கேட்டுச் சரிபார்ப்பன், முழுசாக் குடுத்தா தங்கட பேச்சை மேடைப்பேச்சு மாதிரி மாத்தி அனுப்புவினம், உயிர் போயிடும்.

திருத்திறது பற்றி அமெரிக்காவில ஒரு பெரிய வழக்கே நடந்தது. ஜெஃப்ரி மேசன் எண்ட உளப்பகுப்பாய்வாளர் ஜேனட் மால்கம் எண்ட எழுத்தாளரில வழக்குப் போட்டவர், தான் சொல்லாததைச் சொன்னதா மேற்கோள் குறிக்குள்ள போட்டிட்டா எண்டு. 1991 இல அது அவையின்ர உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. வார்த்தையை மாத்தினது மட்டும் அவதூறு ஆகாது, கருத்தே மாறிப்போற அளவுக்கு மாத்தினாத்தான் பிரச்சினை எண்டமாதிரித் தீர்ப்புச் சொன்னவை, 1994 இல ஜூரி மால்கம் பக்கம் முடிவு சொன்னது. சட்டம் அவ்வளவு இடம் விடுது. ஆனா நான் அவ்வளவு இடம் எடுக்கிறேல்ல. "ம்ம்", "அதுவந்து", திருப்பித் திருப்பிச் சொன்னது, இதை வெட்டலாம். அவர் சொல்லாத சொல்லை அவற்ற வாயில வைக்கக்கூடாது.

இதில என்னை நோகப்பண்ணுற விசயம் ஒண்டு இருக்கு. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருத்தர் பெரட்டுக்களம், லயம், கொழுந்து, கங்காணி எண்டு தன்ர வாழ்க்கையைத் தன்ர பேச்சில சொல்லியிருப்பா, அச்சில வரேக்க பாடப்புத்தகத் தமிழில வந்திருக்கும். அக்கரைப்பற்று முஸ்லிம் கவிஞர் ஒருவர் கதைச்சதும் அப்பிடியே, மன்னார் மீனவர் கதைச்சதும் அப்பிடியே, எல்லாரும் ஒரே ஆள் மாதிரி. விளங்காது எண்டு சாட்டுச் சொல்லுறவை. வாசகருக்கு விளங்கும், விளங்காட்டி ரெண்டு தரம் வாசிக்கட்டும்.

கேள்வி (வாசகி, வத்தளை): சிங்களக் கலைஞர்களைப் பேட்டி எடுக்கிறனீங்களா? எனக்குச் சிங்களம் கடைக்குப் போற அளவுக்குத்தான் தெரியும்.

பதில்: எடுக்கிறனான், எடுக்கவும் வேணும். லயனல் வென்ட் அரங்கில ஒரு சிங்கள நாடகம் ஓடுது, வெள்ளவத்தையிலயிருந்து பஸ்சில கொஞ்சத் தூரம்தான், ஆனா அந்த நெறியாளர் என்ன யோசிக்கிறார் எண்டு தமிழில வாசிக்க ஒண்டும் கிடையாது. அவையளுக்கும் எங்களைப் பற்றி அப்பிடித்தான். மொழி தெரியாட்டி நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்கு இங்கிலீஷ் சரியா வராது, 1962 இல இயக்குநர் ஹிட்ச்காக்கை நாள்கணக்கா இருத்தி வைச்சுப் பேட்டி எடுத்தவர், பக்கத்தில ஹெலன் ஸ்கொட் இருந்து ரெண்டு பக்கமும் மொழிபெயர்த்தவ. அது புத்தகமா வந்தது, சினிமா படிக்கிறவை இண்டைக்கும் அதைத்தான் வாசிக்கினம். மொழிபெயர்க்கிறவருக்கு அந்தக் கலை தெரிஞ்சிருக்கவேணும், அது முக்கியம். மொழிபெயர்க்கிற நேரத்தில நீங்கள் சும்மா இருக்காதேங்கோ, ஆளின்ர முகத்தைப் பாருங்கோ. மொழிபெயர்த்தவரின்ர பேரையும் பேட்டியில கட்டாயம் போடுங்கோ.

கேள்வி (மாணவர், பம்பலப்பிட்டி): சிந்தனையாளர்கள், பேராசிரியர்கள் கதைக்கிறது விளங்காட்டி என்ன செய்யிறது?

பதில்: விளங்கேல்ல எண்டு சொல்லுங்கோ. "ஒரு உதாரணம் சொல்லுங்கோ சேர்" எண்டு கேளுங்கோ. தலையாட்டிக்கொண்டு இருந்தா வாசகருக்கும் விளங்காத பேட்டிதான் வரும். அதோட அவை எழுதினதில ஒரு கட்டுரையெண்டாலும் முழுசா வாசிச்சு, நீங்கள் ஒத்துக்கொள்ளாத இடம் ஒண்டைக் கண்டுபிடிச்சுக்கொண்டு போங்கோ. நல்ல சிந்தனையாளருக்கு மறுத்துக் கேக்கிற ஆளைத்தான் பிடிக்கும். இலக்கிய விமர்சகர் பேராசிரியர் கைலாசபதி 1982 இல, 49 வயசில போயிட்டார். எழுதினது கனக்க இருக்கு, ஆனா அவரை இருத்தி வைச்சு மறுத்து மறுத்துக் கேட்ட நீளப் பேட்டி ஒண்டு என்ர கண்ணில படேல்ல. எனக்குத் தீராத கவலை அது. அவரைப்போல விமர்சகரான பேராசிரியர் சிவத்தம்பி 2011 வரைக்கும் இருந்தபடியால் அவரோட கதைச்சுப் பதிஞ்சவை இருக்கினம், அது எங்கட அதிர்ஷ்டம்.

கேள்வி (வாசகர், வெள்ளவத்தை): பழைய கசெட் பேட்டியளை என்ன செய்யிறது? அப்பா எடுத்தது ஒரு பெட்டி நிறைய இருக்கு.

பதில்: ஐயா, இந்த மாதமே எடுத்துப் பாருங்கோ. கடலுக்குக் கிட்ட இருக்கிற வீட்டில கசெட்டில பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளையாப் படிஞ்சிருந்தா பிளேயரில போடாதேங்கோ, டேப்பும் கெட்டு ஹெட்டும் கெட்டுப்போகும், தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்துத் துப்பரவாக்கி டிஜிட்டல் ஆக்குங்கோ. ஒவ்வொண்டிலயும் ஆர், எங்க, எந்த வருசம் எண்டு அப்பாவிட்டக் கேட்டு இப்பவே எழுதுங்கோ, பேர் தெரியாத குரலை வைச்சு ஒருத்தராலயும் ஒண்டும் செய்ய ஏலாது. நூலகம் நிறுவனம் 2005 இலயிருந்து எங்கட புத்தகம், பத்திரிகையெல்லாத்தையும் இணையத்தில ஏத்தி வருது, ஒலிப்பதிவு, வாய்மொழி வரலாறும் சேர்க்கினம், அவையளோட கதையுங்கோ. ஒரு பிரதி வீட்டில, ஒரு பிரதி வெளியில எண்டு வைக்கவேணும். 1981 இல யாழ்ப்பாண நூலகத்தில 97,000 வரையான புத்தகமும் சுவடியும் ஒரு ராத்திரியில போனது, அதில கனக்க ஏட்டுக்கு வேற பிரதியே இருக்கேல்ல. அதைக் கண்ட சனம் நாங்கள், ஒரே ஒரு பெட்டியை நம்பி இருக்கக்கூடாது.

புதுப் பதிவுக்கும் ஒண்டு சொல்லுறன். வெட்டி ஒட்டி அச்சில வந்த பேட்டி இருந்தாக் காணும் எண்டு மூலப் பதிவை அழிக்கிறவை இருக்கினம், ஃபோனில இடமில்லையாம். தயவுசெய்து அழிக்காதேங்கோ. நீங்கள் வெட்டின பகுதிதான் இன்னும் முப்பது வருசத்தில ஒரு ஆய்வாளருக்குத் தேவைப்படும்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி, கொழும்பு 13): எனக்கும் பேட்டி எடுக்க ஆசை அக்கா. பெரிய ஆக்கள் எனக்குத் தருவினமா? ஆரிட்ட முதல் போறது?

பதில்: தருவினம் மகள், பள்ளிக்கூடப் பிள்ளை வந்து கேட்டா பெரிய எழுத்தாளர்மாரும் மாட்டன் எண்டு சொல்லுறது குறைவு. ஆனா முதல் பேட்டிக்கு அங்க போகாதேங்கோ. கொழும்பு 13 எண்டா உங்கட பக்கத்திலயும் புறக்கோட்டைப் பக்கமும் ஒரு காலம் அச்சகங்கள் கனக்க. கம்ப்யூட்டர் வர முதல் ஈய எழுத்தை ஒவ்வொண்டாப் பொறுக்கி அடுக்கி எங்கட கதை, கவிதை, நாடகம் எல்லாத்தையும் அச்சாக்கின அச்சுக்கோப்பாளர்மார் இன்னும் சிலபேர் இருக்கினம், எல்லாருக்கும் வயசு போட்டுது. எழுத்தாளரை எல்லாரும் பேட்டி எடுத்தாச்சு, அந்த எழுத்தாளரின்ர கையெழுத்தை முதல் முதல் வாசிச்ச மனுசரை ஒருத்தரும் கேக்கேல்ல. ஆற்ற கையெழுத்து வாசிக்கவே ஏலாது, பிழையைக் கண்டா திருத்தினவையா விட்டவையா, "ஞ" வும் "ஙு" வும் எந்தப் பெட்டியில கிடக்கும், இரவிரவா வேலை செய்தா எவ்வளவு சம்பளம், ஈயம் கையில பட்டுப் பட்டு உடம்புக்கு ஏதும் வந்ததா எண்டு கேளுங்கோ. வீட்டில பெரிய ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஃபோனை ஏரோப்பிளேன் மோட்ல போட்டுப் பதியுங்கோ, இல்லாட்டி நடுவில கோல் வந்து பதிவு அறுந்துபோகும், ஃபேன் சத்தம் விழாத இடமாப் பார்த்து இருங்கோ. எழுதி முடிச்சா எனக்கு அனுப்புங்கோ, இந்தப் பக்கத்திலேயே இடம் தாறன்.